தலைநோவும் உளநோவும்

மதுரை மாநகரில் வாழ்ந்து தமிழ் வளர்த்த புலவர் பலருள் சீத்தலைச் சாத்தனாரும் ஒருவர். அவர் கூலவாணிகம் செய்தவர்; அஃதாவது நெல், வரகு, தினை முதலிய தானியங்களை விற்று வாழ்ந்தவர். மணிமேகலை என்னும் காப்பியத்தை இயற்றியவரும் அவரே என்பர். அவரைப் பற்றிய செவிவழிச் செய்தி ஒன்று தமிழ்நாட்டில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. பிழை மலிந்த செய்யுள் தம் செவியில் விழுந்தால் சாத்தனார் பெரிதும் வருந்துவாராம். பாடியவரைக் கடிந்துரைக்க மனமின்றித் தம் கையிலிருந்த எழுத்தாணியால் தம் தலையையே குத்திக்கொள்வாராம். அதனால் அவர் தலை புண்பட்டுச் சீக்கொண்டது என்றும், சீத்தலை என்னும் அடைமொழி அவ்வாறு வந்தது என்றும் அக்கதை கூறும்.

சீத்தலை என்பது ஓர் ஊரின் பெயரே என்றும், புண்பட்ட தலையைக் குறிப்பதன்று என்றும் அறிஞர் பலர் கூறுவர். அதுவே பொருத்தமாகவும் தோன்றுகிறது. ஆயினும் அக்கதையைத் தழுவி எழுந்த செய்யுள் ஒன்று திருவள்ளுவமாலையில் உள்ளது. அதனைப் பாடியவர் மருத்துவன் தாமோதரனார் என்று அந்நூல் குறிக்கின்றது. சீந்திற் கொடியினின்று எடுத்த சர்க்கரையும் சுக்கும் தேனும் கூட்டி முகர்ந்தால் எவருக்கும் தலைக்குத்து நீங்கும். சாத்தனாருடைய தலைக்குத்தோ வள்ளுவரின் முப்பாலைக் கேட்ட பின்னரே நீங்கிற்று என்பது அச்செய்யுளின் கருத்து. பிழையற்ற நூல் ஒன்றைக் கேட்டதும் புலவர் தம்மைக் குத்திக்கொள்வதை விட்டார், நோவும் ஒழிந்தது. திருவள்ளுவமாலை பிற்காலத்தில் எழுந்த தொகுப்பு என்பது ஆராய்ச்சியாளர் பலரின் துணிபு. எனினும் அச்செய்யுள் இரண்டு உண்மைகளை உணர்த்துகின்றது.

தலைநோவுக்கு மூலிகை கொண்டு மருந்து செய்தல் தமிழ் மக்களிடையே பரவலாக வழங்கிய வழக்கம் என்பது முதல் உண்மை. யாவரும் அறிந்த பொருளைத்தானே புலவர் உவமைக்கு எடுத்தாள்வர்? எல்லாத் தலைநோவும் தலையில் மட்டும் தோன்றுவதில்லை. சிலவற்றின் வேர் உள்ளத்தில் இருக்கின்றது என்பது இரண்டாம் உண்மை. தலைநோவு, மனச்சோர்வு, அச்சத்தால் விளையும் பதற்றம் ஆகிய மூன்றும் மனிதனைத் தொன்றுதொட்டு வருத்தி வருவன. அவற்றைத் தணிக்க நம் முன்னோர் எம்மூலிகைகளை நாடினர்? அவர்கள் கண்டவற்றுள் இன்றைய ஆராய்ச்சிக்கு நின்று நிலைப்பவை எவை? இவ்வினாக்களுக்கு விடை காண்பது அறிவுக்கு விருந்தாவதோடு வாழ்வுக்கும் துணையாகும்.

தலைநோவு பலவகைப்படும். அவற்றுள் ஒற்றைத் தலைவலி என்பது மிகக் கொடியது. தலையின் ஒரு பாதியில் மட்டும் துடித்துத் துடித்து வலிப்பது அதன் இயல்பு. வெளிச்சமும் ஓசையும் அப்போது பகையாகத் தோன்றும். குமட்டலும் வாந்தியும் உடன் வருதலும் உண்டு. சிலருக்குச் சில நாழிகையிலும், சிலருக்கு மூன்று நாள் வரையிலும் அது நீடிக்கும். உரோமப் பேரரசில் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காலன் என்னும் பெருமருத்துவர் இந்நோய்க்கு 'ஹெமிக்ரேனியா' என்னும் சொல்லை வழங்கினார். அரை மண்டை என்பது அதன் பொருள். அச்சொல்லே திரிந்து, ஆங்கிலத்தில் இன்று 'மைக்ரேன்' என வழங்குகின்றது. தொலைதூரத்து மக்களும் தமிழ் மக்களும் ஒரே நோயை ஒரே வகையாக உற்று நோக்கிப் பெயரிட்டுள்ளனர். உலக மக்களுள் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவரை இந்நோய் வருத்துவதாக இன்றைய மதிப்பீடுகள் காட்டுகின்றன.

மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் வெயில் கடுமையானது. சிறுமலை, அழகர்மலை, நாகமலை, பசுமலை என்னும் குன்றுகளுக்கிடையே வையை ஓடும் அந்நிலத்தில், வேனிற்காலத்து நண்பகலில் வயலிலும் தெருவிலும் உழைப்பவர்க்குத் தலைநோவு புதியதன்று. அதற்கு மருந்தாகும் செடிகளும் அந்நிலத்திலேயே விளைகின்றன. ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் நொச்சி தழைத்து நிற்கின்றது. மழை பெய்து ஓய்ந்த பின் தரிசு நிலங்களில் தும்பை வெண்ணிறப் பூக்களைச் சொரிகின்றது. புறத்திணை பயின்றோர்க்கு இவ்விரு பெயர்களும் புதியன அல்ல. மதில் காக்கும் வீரர் நொச்சிப் பூவைச் சூடினர். எதிரெதிர் நின்று பொருத வீரர் தும்பைப் பூவைச் சூடினர். போர்க்களத்தில் மாலையாய் அமைந்த அவ்விரு செடிகளும் வீட்டில் மருந்தாய் அமைந்தன. நொச்சித் தழையைக் கொதிக்கும் நீரிலிட்டு, எழும் ஆவியை முகர்வர். அதனை வேது பிடித்தல் என்பர். உலர்ந்த நொச்சியிலையைத் துணியில் அடைத்துத் தலையணையாக்கிப் படுப்பாரும் உளர். தும்பைப் பூவை நல்லெண்ணெயிலிட்டுக் காய்ச்சி, அவ்வெண்ணெயைத் தேய்த்துத் தலை முழுகுவர். நீர்க்கோவையால் தலை கனத்து வலிப்பவர்க்கு இவை இதமளிப்பன என்பது அவர்கள் பட்டறிவு.

சுக்கை நீர்விட்டு உரைத்து நெற்றியில் இடுவது பற்று எனப்படும். மருந்துச் சாற்றை மூக்கில் துளியாக விடுவது நசியம் எனப்படும். இவற்றுக்கு வேண்டிய சரக்குகளை விற்கும் நாட்டு மருந்துக் கடைகள் மதுரையின் மாசி வீதிகளிலும் அவற்றையொட்டிய தெருக்களிலும் இன்றும் உள்ளன. சுக்கு, திப்பிலி, அதிமதுரம், வசம்பு, அமுக்கரா என்று சாக்குகளிலும் டப்பாக்களிலும் அவை நிறைந்திருப்பதைக் காணலாம்.

சித்த மருத்துவ மரபிலும் தலைநோவைப் பற்றிய கதை ஒன்று உண்டு. ஓர் அரசன் பொறுக்கலாகாத தலைநோவால் துன்புற்றானாம். அகத்தியர் அவனுடைய மண்டையைத் திறந்து பார்த்தபோது, உள்ளே ஒரு தேரை அமர்ந்திருந்ததாம். அதனைப் பறித்தெடுத்தால் மூளைக்கு ஊறு நேரும் என அனைவரும் அஞ்சினர். அருகிலிருந்த மாணாக்கர் ஒரு பாத்திரத்தில் நீரைக் கொணர்ந்து சலசலக்கச் செய்தார். நீரின் ஓசை கேட்ட தேரை தானாகவே வெளியே குதித்தது. அன்றுமுதல் அம்மாணாக்கருக்குத் தேரையர் என்னும் பெயர் வழங்கலாயிற்று என்பர். இக்கதையை வரலாறாகக் கொள்ள வேண்டுவதில்லை. மண்டைக்குள் தேரை வாழ்தல் இயலாது. ஆயினும் அதன் உட்கருத்து சிறந்தது. நோவைக் கண்டு கலங்காமல் அதன் காரணத்தைத் தேட வேண்டும். காரணத்தைக் கண்ட பின்னும் நோயாளிக்கு ஊறு நேராத வழியை நாட வேண்டும். மருத்துவத்தின் சாரம் முழுவதும் இவ்விரண்டில் அடங்கியுள்ளது அன்றோ?

முன்னோர் பட்டறிவால் கண்டவற்றை இக்காலத்தார் சோதனையால் ஆராய்கின்றனர். தலைநோவு தானே வந்து தானே நீங்கும் இயல்புடையது. ஆகவே ஒருவர் ஒரு கசாயத்தைக் குடித்தார், வலி நீங்கிற்று என்பதனால் அக்கசாயமே நோயைத் தீர்த்தது என்று துணிதல் இயலாது. மருந்து உண்டோம் என்னும் நம்பிக்கையே வலியைக் குறைத்தலும் உண்டு. இவ்வையத்தை நீக்குவதற்காக, நோயாளிகளை இரு பகுதியாகப் பிரித்து, எவருக்கு எம்மருந்து தரப்பட்டது என்பதை நோயாளியும் அறியாமல், கொடுப்பவரும் அறியாமல் மறைத்துச் சோதிக்கும் முறையை அறிஞர் வகுத்துள்ளனர். அம்முறையில் ஈரான் நாட்டு மருத்துவர் சிலர் ஒற்றைத் தலைவலியுடைய 100 பேரிடம் செய்த ஆராய்ச்சி 2014ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரு பகுதியினர்க்குச் சுக்குத்தூளும், மற்றைப் பகுதியினர்க்குச் சுமட்ரிப்டான் என்னும் இக்கால மருந்தும் கொடுக்கப்பட்டன. இரண்டு மணி நேரத்துக்குப் பின் இரு பகுதியினருக்கும் வலி ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்திருந்தது. பக்க விளைவுகள் சுக்கு உண்டவர்க்குக் குறைவாக இருந்தன. தாமோதரனார் செய்யுளில் வந்த சுக்கு இவ்வாறு அறிவியல் ஆராய்ச்சிக்கும் உரியதாயிற்று. எனினும் ஓர் ஆராய்ச்சியைக் கொண்டு முடிவு கட்டுதல் கூடாது. பல நாடுகளில் பலமுறை சோதித்து ஒத்து வந்த பின்னரே ஓர் உண்மை உறுதிப்படும்.

இனி, உள்ளத்து நோவைக் காண்போம். மனிதனின் உள்ளத்தில் எழும் உணர்ச்சிகளைத் தமிழர் மிக நுட்பமாக ஆராய்ந்தனர். தொல்காப்பியர் நகை, அழுகை முதலாக மெய்ப்பாடுகள் எட்டு என வகுத்து, ஒவ்வொன்றும் எவற்றால் பிறக்கும் என்பதையும் கூறினார். பிறரால் இகழப்படுதல், உற்றாரையோ உடைமையையோ இழத்தல், முன்னைய நிலையினின்று தாழ்தல், வறுமை என்னும் நான்கால் அழுகை பிறக்கும் என்பது அவர் கொள்கை. அணங்கு, விலங்கு, கள்வர், அரசன் என்னும் நான்கால் அச்சம் பிறக்கும் என்றார். துயரமும் அச்சமும் காரணமின்றி வானத்திலிருந்து வீழ்வன அல்ல. அவற்றுக்குத் தோற்றுவாய் உண்டு என்பதை அத்துணைப் பழங்காலத்திலேயே தமிழ் இலக்கணம் உணர்த்திற்று.

எனினும் உள்ளத்து நோயின் காரணத்தைத் தவறாக அறிதலும் அக்காலத்தில் உண்டு. சங்க அகப்பாடல்களில் வெறியாட்டு என்னும் துறை வருகின்றது. காதலனைப் பிரிந்த தலைவி உண்ணாமலும் உறங்காமலும் மெலிகின்றாள். மேனியில் பசலை படர்கின்றது. உண்மை அறியாத தாய், முருகன் அணங்கியதால் நேர்ந்த துன்பம் என்று கருதி வேலனை அழைக்கின்றாள். வேலன் கழங்கை உருட்டிக் குறி கூறுகின்றான். களம் அமைத்து வெறியாடுகின்றான். தலைவியின் உள்ளத்தை அறிந்த தோழியோ, இந்நோய்க்குக் காரணம் வேறு, மருந்தும் வேறு என்று குறிப்பாகவோ வெளிப்படையாகவோ உணர்த்துகின்றாள். நோயின் முதலை அறியாமல் செய்யும் மருத்துவம் வீண் என்னும் கருத்தை அப்பாடல்கள் நகைச்சுவையோடும் பரிவோடும் புலப்படுத்துகின்றன.

சித்த மருத்துவர் உள்ளத்து நோய்களைத் தனியே வகுத்து ஆராய்ந்தனர். அவற்றைக் கிரிகை என்று அழைத்து, பதினெட்டு வகையாகப் பிரித்துக் கூறும் நூல் ஒன்று அகத்தியர் பேரால் வழங்குகின்றது. ஒருவன் பேசாது தனித்திருத்தல், காரணமின்றி அழுதல், ஓயாது பிதற்றுதல் போன்ற குறிகளைக் கண்டு, வளி, அழல், ஐயம் என்னும் மூன்றனுள் எது மிக்கது, எது குறைந்தது என அவர்கள் ஆராய்ந்தனர். உள்ளத்து நோயாளியைப் பேய் பிடித்தவன் என்று வெருட்டுவதைக் காட்டிலும், உடம்பில் நேர்ந்த மாறுபாடு என்று எண்ணி மருந்து தேடியது பெரிய முன்னேற்றமாகும்.

அவர்கள் தேர்ந்த மூலிகைகளுள் வல்லாரையும் நீர்ப்பிரமியும் முதன்மையானவை. இவ்விரண்டும் ஈரம் மிக்க வரப்புகளிலும் நீர்நிலைகளின் ஓரத்திலும் படர்வன. நினைவாற்றலை வளர்த்து மனத்தை அமைதிப்படுத்தும் என்பது அவற்றைப் பற்றிய நம்பிக்கை. அமுக்கராக் கிழங்கு சோர்வை நீக்கி உறக்கத்தைத் தரும் என்று கொண்டனர். வல்லாரையைப் பற்றிக் கனடா நாட்டு மருத்துவர் சிலர் செய்த ஆராய்ச்சி 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. உடல்நலமுடைய 40 பேருள் ஒரு பகுதியினர்க்கு வல்லாரையும், மற்றவர்க்கு மருந்தில்லாத வெற்றுப் பொருளும் கொடுத்து, திடீரென ஓசை எழுப்பிப் பார்த்தனர். வல்லாரை உண்டவர் குறைவாகவே திடுக்கிட்டனர். இது நல்ல அறிகுறியே. ஆயினும் சோதிக்கப்பட்டவர் நோயாளிகள் அல்லர்; ஒரு பொழுது திடுக்கிடுதல் குறைவதும், நாள்தோறும் வருத்தும் பதற்ற நோய் தீர்வதும் ஒன்றாகா. ஓர் ஆராய்ச்சி எதனைக் காட்டிற்று, எதனைக் காட்டவில்லை என்று பிரித்தறிவதே கற்றவர்க்கு அழகு.

மூலிகையின் ஆற்றலையும், அவ்வாற்றலின் மறுபக்கத்தையும் ஒருங்கே காட்டுவது சர்ப்பகந்தியின் வரலாறாகும். இமயமலையின் அடிவாரத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் சாரலிலும் வளரும் சிறு செடி அது. வடநாட்டு மக்கள் பித்தருக்கு உரிய மருந்து என்றே அதன் வேரை அழைத்து வந்தனர். 1931ஆம் ஆண்டில் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் மருத்துவர் இருவர், அவ்வேர் வெறி கொண்ட நோயாளிகளை அமைதிப்படுத்துவதையும் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதையும் எழுதி வெளியிட்டனர். அதே ஆண்டில் தில்லியில் சலிமுஸ்ஸமான் சித்திக்கி என்னும் வேதியியல் அறிஞர் அவ்வேரினின்று ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, ஹக்கீம் அஜ்மல்கானின் பெயரால் அதனை அஜ்மலின் என்று அழைத்தார். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை உலகின் கருத்தை அச்செடியின்பால் ஈர்த்தது. 1952ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ரெசர்ப்பின் என்னும் மருந்துப் பொருளை அதிலிருந்து பிரித்தனர். மனநோய் மருத்துவமனைகளில் அம்மருந்து விரைந்து பரவியது. கட்டி வைத்தற்கு உரியவர் என எண்ணப்பட்ட நோயாளிகள் சிலர் அமைதியுற்று உரையாடினர்.

ஆனால் சில ஆண்டுகளில் வேறொரு செய்தி வெளிப்பட்டது. இரத்த அழுத்தத்துக்காக ரெசர்ப்பினை உண்டவருள் சிலருக்கு ஆழ்ந்த மனச்சோர்வு தோன்றியதாக மருத்துவர் எழுதினர். மூளையில் நரம்புகளுக்கிடையே செய்தி கொண்டு செல்லும் சில வேதிப்பொருள்களை அம்மருந்து குறைத்துவிடுகின்றது என்பதும் கண்டறியப்பட்டது. பதற்றத்தை அடக்கிய வேரே துயரத்தை விளைக்குமோ என்னும் ஐயம் எழுந்தது; பக்க விளைவுகளால் அதன் வழக்குக் குறைந்தது; புதிய மருந்துகள் அதன் இடத்தைப் பெற்றன. எனினும் அவ்வேரால் விளைந்த அறிவு வீணாகவில்லை. உள்ளத்தின் நிலைக்கும் மூளையின் வேதிப்பொருள்களுக்கும் தொடர்பு உண்டு என்னும் எண்ணம் வலுப்பெற்று, மனச்சோர்வுக்குரிய மருந்துகளை ஆராய அது வழிகாட்டியது.

பச்சிலைதானே, தீங்கு செய்யாது என்று கூறுவார் பலர். சர்ப்பகந்தி அக்கூற்றை மறுக்கின்றது. நன்மை செய்யும் ஆற்றல் உடைய எப்பொருளுக்கும் தீமை செய்யும் ஆற்றலும் இருத்தல் கூடும். சாத்தனார் கதையில் வந்த சீந்திலும் இதற்கு விலக்கன்று. கொரோனாத் தொற்றுப் பரவிய காலத்தில் மக்கள் பலர் சீந்திற் சாற்றைத் தாமே உண்டனர். அவ்வாறு உண்ட சிலருக்குக் கல்லீரல் பழுதுற்றதாக மும்பை மருத்துவர் 2021ஆம் ஆண்டில் எழுதினர். ஒன்றிய அரசின் ஆயுஷ் அமைச்சகம் அதனை மறுத்து, சீந்திலை ஒத்த வேறு கொடியை உண்டிருக்கலாம் என்றது. எது உண்மையாயினும் படிப்பினை ஒன்றே: செடியைத் தவறாமல் அறிதல் வேண்டும்; அறிந்த செடியையும் அளவின்றி உண்ணலாகாது. அமுக்கராவை உண்டவருள்ளும் சிலருக்குக் கல்லீரல் ஊறு நேர்ந்ததாக மருத்துவ ஏடுகள் கூறுகின்றன. கருவுற்ற பெண்டிரும், வேறு மருந்து உண்டு வருபவரும் மருத்துவரைக் கேளாமல் எந்த மூலிகையையும் உண்ணுதல் தகாது.

அளவின் பெருமையை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். மதுரைத் தமிழாசிரியர் மாக்காயனாரிடம் பயின்ற மாணாக்கர் இருவர், தாம் இயற்றிய அறநூல்களுக்கு மருந்தின் பெயரையே சூட்டினர். காரியாசான் இயற்றியது சிறுபஞ்சமூலம். கணிமேதையார் இயற்றியது ஏலாதி. ஏலாதி என்னும் சூரணத்தில் ஏலம் ஒரு பங்கு, இலவங்கம் இரண்டு பங்கு, சிறுநாவற்பூ மூன்று பங்கு, மிளகு நான்கு பங்கு, திப்பிலி ஐந்து பங்கு, சுக்கு ஆறு பங்கு என்று முறையே கூட்டுவர். ஏதோ கையில் அகப்பட்டதை இடித்துத் தருவது மருந்தன்று. பங்கும் முறையும் அறிந்து அமைப்பதே மருந்து என்பதற்கு அப்பெயர் ஒன்றே சான்றாகும்.

இன்று அந்த முறையைக் காக்கச் சட்டமும் துணை நிற்கின்றது. மருந்துகளைப் பற்றிய 1940ஆம் ஆண்டுச் சட்டம் 1964ஆம் ஆண்டில் திருத்தப்பட்டு, சித்த, ஆயுர்வேத, யூனானி மருந்துகளும் அதன் கீழ்க் கொணரப்பட்டன. அற்புதம் செய்யும் மருந்து என்று கூறி மக்களை மயக்கும் விளம்பரங்களைத் தடுக்க 1954ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பாளையங்கோட்டையில் 1964ஆம் ஆண்டில் அரசினர் சித்த மருத்துவக் கல்லூரி தோன்றியது. தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஆகவே மூலிகை மருத்துவத்தை நாடுவோரும் முறையாகப் பயின்று பதிவு பெற்ற மருத்துவரையே நாடுதல் வேண்டும்.

நோய் வராமல் காத்தல் மருந்துண்பதினும் சிறந்தது. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் பெரும்பகுதி உணவின் அளவைப் பற்றியே பேசுகின்றது. முன் உண்டது செரித்த பின் உண்ணுதலும், பசித்த பின் உண்ணுதலும், மாறுபாடில்லாத உணவை அளவோடு உண்ணுதலும் அங்கு வற்புறுத்தப்படுகின்றன. ஒற்றைத் தலைவலி உடையவர்க்கும் இஃது ஏற்றதே. உரிய நேரத்தில் உண்ணாமை, உறக்கம் கெடுதல், கடும் வெயில், சிலருக்கு நறுமணத்தின் மிகுதி ஆகியவை அந்நோவைத் தூண்டுவன. வலிநீக்கும் மாத்திரையை அடிக்கடி உண்டு வந்தால் அதுவே தலைநோவை விளைக்கும் என்பதும் மறத்தற்குரியதன்று. திடீரெனத் தாங்கொணாத தலைவலி தோன்றினாலும், காய்ச்சலும் கழுத்து விறைப்பும் உடன் வந்தாலும், கையோ காலோ வலுவிழந்தாலும், தலையில் அடிபட்ட பின் வலி தொடர்ந்தாலும் பற்றும் வேதும் போட்டுக் காலம் கழிக்காமல் மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

உள்ளத்து நோயிலோ காலம் தாழ்த்துவது இன்னும் மிகுதி. காலில் முள் தைத்தால் வெளியிட்டுக் கூறும் மாந்தர், மனத்தில் துயரம் தைத்தால் நாணி மறைக்கின்றனர். தேர்வை எண்ணி ஒருநாள் அஞ்சுவது நோயன்று. பிரிவை எண்ணிச் சிலநாள் வருந்துவதும் நோயன்று. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலும் எதிலும் நாட்டமின்றி, உணவும் உறக்கமும் கெட்டு, வாழ்வே சுமையாகத் தோன்றுமாயின் அது மனச்சோர்வு என்னும் நோயாக இருத்தல் கூடும். உலகில் ஏறத்தாழ 33 கோடி மக்களுக்கு இந்நோய் இருப்பதாக உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இது கோழைமையும் அன்று; சோம்பலும் அன்று; தெய்வக் குற்றமும் அன்று. உரிய மருத்துவத்தால் நலம் பெறுபவர் பலர். வல்லாரைத் துவையல் உண்டால் போதும் என்று இருந்துவிடாமல், பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ கூறி மருத்துவரை அடைதல் வேண்டும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனை போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவப் பிரிவு உள்ளது. 14416 என்னும் தொலைபேசி எண்ணில் அழைத்துக் கட்டணமின்றி ஆலோசனை பெறும் ஏற்பாட்டை இந்திய அரசு 2022ஆம் ஆண்டில் தொடங்கியுள்ளது.

மருத்துவம் என்பது நான்கு உறுப்புகளை உடையது என்று வள்ளுவர் வகுத்தார். நோயுற்றவன், அதனைத் தீர்ப்பவன், மருந்து, அருகிலிருந்து துணைசெய்பவன் என்பன அந்நான்கும். மருத்துவராதற்குப் பல ஆண்டுக் கல்வி வேண்டும். மருந்தின் குணத்தை அறிதற்கு ஆராய்ச்சி வேண்டும். ஆனால் நான்காம் உறுப்பாதல் எவர்க்கும் எளிது. முன்பெல்லாம் கலகலப்பாகப் பேசியவன் சில நாளாகப் பேசாது ஒதுங்கியிருப்பதையும், உணவுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே மூடி வைப்பதையும் முதலில் காண்பவன் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் மாணவனே. அவனை நகையாடாமல் அருகில் சென்று அமர்வதும், அவன் கூறுவதைப் பொறுமையாகக் கேட்பதும், துணையாக ஆசிரியரிடம் அழைத்துச் செல்வதும் சுக்கும் சீந்திலும் செய்யாத உதவியைச் செய்யும்.